அந்த அவுரிப் பரல் யாருடையது

நான் சாமான் வாங்கும் கடையில் காசு வாங்கும் பெண், ஓகஸ்ட் மாதத்து வெயில் நாளொன்றில் என் கையைப் பார்த்துவிட்டு, "இஸ்ட் ஈனன் கால்ட்?" என்று கேட்டாள். உங்களுக்குக் குளிர்கிறதா என்பது அதன் பொருள். என் நகங்கள் பத்தும் கருநீலமாக இருந்தன. சாயம் என்பதற்கான ஜேர்மன் சொல் எனக்குத் தெரியும். ஆனால் பின்னால் ஆறு பேர் தள்ளுவண்டிகளோடு நின்றார்கள். "யா" என்றேன். அடுத்த கிழமை, வைத்தியரிடம் போனீர்களா என்று கேட்டாள். அதற்கும் யா என்றேன். இப்போது அவளுக்கு நான் இருதய நோயாளி. பால் போத்தலையும் உருளைக்கிழங்குப் பையையும் தானே எடுத்து என் பைக்குள் வைத்துத் தருகிறாள். ஜேர்மனியில் அப்படி யாருக்கும் செய்யமாட்டார்கள் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு பொய்யால் கிடைத்த சலுகையை இரண்டு வருடமாக அனுபவித்து வருகிறேன்.

நகம் நீலமானதற்குக் காரணம் என் வேலை. இந்தச் சின்ன நகரத்தில் ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. மர அச்சால் வெள்ளைத் துணியில் ஒரு பசையைப் பதிப்பார்கள். பசை காய்ந்ததும் துணியை அவுரி நீலத் தொட்டிக்குள் இறக்குவார்கள். பிறகு பசையைக் கழுவினால், அது பட்டிருந்த இடமெல்லாம் வெள்ளைப் பூவாகவும் இலையாகவும் நிற்கும். பிளவ்ட்றுக், நீல அச்சு, என்று பெயர். சனிக்கிழமைகளில் ஆட்கள் பார்க்க வருவார்கள். பட்டறைக்காரி ஃப்ராவ் லெம்கெ நல்ல மனுசி. என்னைக் காட்டி, இவர் இந்த வேலையைத் தன் கிராமத்தில் தாயிடம் கற்றவர் என்று சொல்லுவார். என் அம்மா கொக்குவிலில் தபாற்கந்தோர் எழுதுவினைஞர். அவர் சாயம் தோய்த்து நான் கண்டதில்லை. முதல் தடவையே திருத்தினேன். அம்மா இல்லை, கொழும்பில் ஒரு கராஜில் கற்றேன் என்றேன். என் ஜேர்மன் அப்போது அரைகுறை. அம்மா இல்லை என்பதை அவர் அம்மா இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார். என் தோளில் கை வைத்து அனுதாபம் சொன்னார். அதற்குப் பிறகு கதையில் மறைந்த தாய் என்று ஒரு சொல் கூடிவிட்டது. அம்மா தம்பியோடு கனடாவில் சுகமாக இருக்கிறார்.

உண்மையில் யாரிடம் கற்றேன், எப்படிக் கற்றேன் என்பதை இங்கே யாருக்கும் சொன்னதில்லை. மொழி போதாமல் அல்ல. இந்தப் பத்திரிகையை வாசிக்கும் உங்களில் பலர் அந்த வருடங்களில் கொழும்பில் இருந்தவர்கள். ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருப்பது என்றால் என்ன, காலையில் கதவு தட்டுப்பட்டால் கை முதலில் எந்தக் கடதாசியைத் தேடும் என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் படிப்பித்தவள். கணவர் எனக்கு முன்னரே ஜேர்மனிக்குப் போய்விட்டார். என்னைக் கூப்பிடுவதற்கான கடதாசிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில், துறைமுகத்துப் பக்கம் யன்னல் இருந்த அறையில், வேறு இரண்டு பெண்களோடு இருந்தேன். அங்கே தங்குவதாகப் பொலிசில் பதிந்த துண்டு எப்போதும் கைப்பையில் இருக்கும். பொழுது போக, கீழே இருந்த தையற்கடையில் துணிக்குக் கரை மடித்துக் கொடுப்பேன். அங்கேதான் ரொசீனாவைக் கண்டேன். கொம்பனித்தெரு மலாய்க் குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். சுற்றுலா ஹோட்டல்களுக்குப் பத்திக் துணி செய்து கொடுத்த ஓர் இடத்தில் பன்னிரண்டு வருடம் மெழுகால் கோலம் வரைந்தவள். சண்டையால் வெள்ளைக்காரர் வருவது நின்றதும் அந்த இடத்தை மூடிவிட்டார்கள். அவள் தனியாகத் தொடங்கியிருந்தாள். தையற்காரரிடம் ஒரு துணியைப் போட்டுவிட்டு முறைப்பட்டுக்கொண்டிருந்தாள். கொள்ளுப்பிட்டியில் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா பெரிய ஓடர் ஒன்று தருகிறாராம், ஆனால் கெமிக்கல் வேண்டாம், செடியில் எடுத்த நீலம்தான் வேண்டும் என்கிறாராம். இந்தியாவிலிருந்து அவுரிக்கட்டி வருவித்துக் கொடுத்தும் விட்டாராம். அவிச்சும் பார்த்தாள், அரைச்சும் பார்த்தாள், துணியில் ஏறவில்லை.

நான் ஊசியில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "அது தண்ணியில கரையாது. முதல்ல அதில இருக்கிற நீலத்தைப் போக்கவேணும்."

"நீலத்தைப் போக்கினா பிறகு நீலம் எப்படி வாற?" என்று கேட்டாள்.

"காத்துப் பட்டால் திரும்பி வரும்."

அவள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் இருந்தாள். சுண்ணாம்பும் இனிப்பும் சேர்த்துக் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் அவுரி மஞ்சட்பச்சையாகிக் கரையும், துணியைத் தோய்த்து வெளியே எடுத்தால் கண்முன்னாலேயே மறுபடி நீலமாகும் என்று சொன்னேன். வகுப்பில் ஒரு பந்தியாகச் சொல்லிவிட்டுப் போகும் விசயம் அது. நானே ஒருநாளும் செய்து பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் அவள் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்திருந்தாள். வீட்டுக்காரர் வெளிநாட்டில். ரயில் போகும்போது மெழுகுச் சட்டி அடுப்பில் ஆடும். மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் பரல் ஒன்றை நானே புறக்கோட்டையில் பார்த்து வாங்கி, முச்சக்கர வண்டியில் அணைத்துப் பிடித்தபடி கொண்டுபோனேன். நீறின சுண்ணாம்பு ஒரு சாக்கு. இனிப்புக்குக் கித்துள் மரத்துக் கருப்பட்டி. முதல் இரண்டு தடவையும் பிழையாய்ப் போனது. சாம்பல் நிறத் தண்ணீர்தான் மிஞ்சியது. மூன்றாம் தடவை, ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தபோது மேலே செப்புத் தகடு போல ஒரு படை மினுங்கியது. கம்பால் விலக்கினால் கீழே பழுத்த வாழையிலையின் நிறம். ரொசீனா மெழுகால் கோடு போட்ட ஒரு துண்டைத் தோய்த்தாள். வெளியே எடுத்தபோது அது பச்சை. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். ஓரங்களில் தொடங்கி நடுவுக்கு நீலம் நடந்து வந்தது. மெழுகு இருந்த இடம் மட்டும் வெள்ளையாகவே இருந்தது, மணலில் நண்டு ஓடின தடம் போல. "அல்லாவே" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், இத முன்ன செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் இல்லை என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் ரயில் போன சத்தமும் கேட்கவில்லை.

எட்டு மாதம் அப்படிப் போனது. ஒவ்வொரு நாளும் காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு. சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றுவார்கள். என் விரல்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்ட ஆமிக்காரர்கள் உண்டு. சாயம் என்று சிங்களத்தில் சொல்ல ரொசீனா பழக்கியிருந்தாள். சிலர் முகர்ந்து பார்த்தார்கள். இங்கே குளிர்கிறதா என்று கேட்கிறார்கள். அங்கே கேட்டவர்களுக்கு என் உடம்பைப் பற்றிக் கவலை இருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு இடத்திலும் ஒரு சொல்லோடு முடித்துக்கொண்டு நகரத்தான் பார்த்தேன்.

ஓடர் துணிகளில் பெரும்பகுதி முடிந்திருந்த ஒரு புதன்கிழமை, காலை பத்து மணியளவில், ஒழுங்கை முழுவதையும் சுற்றி வளைத்துச் சோதித்தார்கள். அதற்கு முந்தின கிழமை நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. கராஜுக்குள் ஒரு சப் இன்ஸ்பெக்டரும் நான்கு பேரும் வந்தார்கள். அவர்களுடைய கண்ணால் அந்த இடத்தை நான் அன்றுதான் பார்த்தேன். மூடிய பரல். வெள்ளைத் தூள் சாக்கு. மண்ணெண்ணெய் அடுப்பு. மெழுகுக் கட்டிகள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று அடையாள அட்டையில் எழுதியிருக்கும் ஒருத்தி. அந்த ஒருத்தி இரசாயனம் படித்தவள் என்பது மட்டும் அட்டையில் இல்லை.

மூடியைத் திறந்தார்கள். புளித்த நாற்றம் வந்தது. ஒருவன் பின்னால் விலகினான். சப் இன்ஸ்பெக்டர் கோபமாகக் கேட்கவில்லை. அலுவலகத்தில் கேட்பது போலத்தான் கேட்டார்.

"மேக்க காகெத?"

இது யாருடையது என்கிறார். அந்த அளவு சிங்களம் எனக்குத் தெரியும். ரொசீனா வாயைத் திறக்க முதல் நான் அவளைக் காட்டினேன்.

"எயாகே" என்றேன். அவருடையது.

யோசிக்காமல் சொன்னேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியல்ல. யோசித்தேன். எட்டு நாளில் தூதரகத்தில் எனக்கு நேர்முகம். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த நாள். ரொசீனா கொழும்பில் பிறந்தவள், சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவாள், மலாய்ப் பெயர். அவளை என்ன செய்யப்போகிறார்கள் என்று நினைத்தேன். கராஜ் அவள் பெயரில்தான் இருந்தது, ஆகவே பொய்யும் இல்லை என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது பரலை. பரலை வாங்கியவள் நான். அதற்குள் இருந்ததை உண்டாக்கியவளும் நான்.

ரொசீனா என்னை ஒருமுறை பார்த்தாள். நீண்ட பார்வை இல்லை. பிறகு அவரிடம் திரும்பி, "ஓவ். மகே தமய்" என்றாள். ஓம், என்னுடையதுதான்.

அதற்குப் பிறகு அவள் தன் வெள்ளைத் தலைத்துணியைக் கழற்றி, ஒரு முனையைப் பரலில் தோய்த்து எடுத்து, காற்றில் பிடித்துக் காட்டினாள். பச்சை நீலமாவதை எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சிப்பாய் நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னான். ஆனாலும் அவர்களுக்கு ஒரு நடைமுறை இருந்தது. ஒரு போத்தலில் தண்ணீரையும் ஒரு பையில் சுண்ணாம்பையும் எடுத்தார்கள். சாமானுக்குச் சொந்தக்காரி என்பதால் அவளையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நான் யார் என்று கேட்டபோது, தைக்க வருகிறவள் என்று ஜீப்பிலிருந்தே அவள்தான் சொன்னாள். என் கொட்டாஞ்சேனைத் துண்டைப் பார்த்துவிட்டு, உன்னுடைய இடத்துக்குப் போ என்றார்கள். போனேன். நனைந்த தலைத்துணி அவள் தோளில் கிடந்தது.

மாதிரிகளைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள், முடிவு வரும்வரை விடமாட்டார்கள் என்று மூன்றாம் நாள் அவள் தம்பி ரிஸ்வான் வந்து சொன்னான். வேன் ஓட்டுகிறவன். லொட்ஜ் முன்னறையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கதிரை நுனியில் இருந்தான். என் மேல் குற்றம் சொல்ல வரவில்லை. பரலுக்குள் என்ன இருக்கிறது, அது ஏன் வெடிக்காது என்று இங்கிலீஷில் எழுதித் தாருங்கள், லோயருக்குக் கொடுக்கவேண்டும் என்றான். எழுதினேன். வாழ்க்கையில் அவ்வளவு வடிவாக ஒரு இரசாயனக் குறிப்பை நான் எழுதியதில்லை. அவுரி, சுண்ணாம்பு, கருப்பட்டி, தண்ணீர், ஒவ்வொன்றின் அளவு, என்ன நடக்கிறது, ஏன் தீப்பற்றாது, எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கியது.

ரிஸ்வான் வாசித்துப் பார்த்தான். பிறகு கடதாசியின் அடியைக் காட்டினான். "பேரும் படிப்பும் போட்டு சைன் வச்சா நல்லம்னு லோயர் சொன்னாரு."

"சைன் தேவைப்படாது எண்டு நினைக்கிறன்" என்றேன். "விசயம் சரியா இருந்தால் காணும்தானே."

அவன் கடதாசியை மடியில் வைத்து நீவினான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். தேத்தண்ணீர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வேன் ரோட்டில் நிற்குது என்றான்.

ஏழாம் நாள் பின்னேரம் ரொசீனாவை விட்டார்கள். எட்டாம் நாள் காலை நான் நேர்முகத்துக்குப் போனேன். கை கழுவிக் கழுவி நகத்தைச் சுரண்டியிருந்தேன். கணவரின் பிறந்த திகதி, திருமணத்துக்கு வந்த ஆட்கள் எத்தனை பேர், அவர் குசினியில் என்ன சமைப்பார் என்றெல்லாம் கேட்டார்கள். கையை யாரும் பார்க்கவில்லை. ஒரு மாதத்துக்குள் விசா வரும் என்றார்கள்.

மறுநாள் கராஜுக்குப் போகாமல் விட்டிருக்கலாம். போனேன். அவள் எனக்கு முன்னரே வந்து, தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். முகம் மெலிந்திருந்தது. இடது கையை உயர்த்தத் தயங்கினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூடி திறந்தபடியே அத்தனை நாளும் கிடந்ததில் பரல் செத்துப்போயிருந்தது. மேலே படை இல்லை, தண்ணீர் முழுக்க ஒரே நீலம். அந்த நீலம் துணியில் ஏறாது. திரும்பக் கருப்பட்டியும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கினோம். மூன்று கிழமையில் மீதித் துணிகளை முடித்தோம். அந்த மூன்று கிழமையும் வேலையைப் பற்றி மட்டும் கதைத்தோம். அதைப் பிடியுங்க, இன்னும் ஒருக்கா தோயுங்க, மெழுகு வெடிச்சிருக்கு. கடைசி நாள் நான் போகிறேன் என்று சொன்னபோது, "போய்ச் சேர்ந்து ஒரு லெட்டர் போடுங்க" என்றாள். நான் போடவில்லை.

போர் நிறுத்தம் வந்த வருடம், தனியாக இரண்டு கிழமை கொழும்புக்குப் போனேன். சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம் என்று இங்கே எல்லோருக்கும் சொன்னேன். கலியாணமும் இருந்தது. ரொசீனா இரத்மலானையில் இருப்பதாகக் கொம்பனித்தெருவில் விசாரித்து அறிந்தேன். தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. ஐந்தாறு பெண்கள் நின்று வேலை செய்தார்கள். ஹோட்டல்கள் திரும்ப நிரம்பத் தொடங்கியிருந்தன. சிவப்பு, மஞ்சள், ஊதா என்று கொடியெல்லாம் துணி. கெமிக்கல் சாயம்தான். அவுரியை விட்டு எவ்வளவோ காலமாம். "அதுக்கு ஐஞ்சு நாள் பாத்துக்கிட்டு இருக்க ஏலாது டீச்சர்" என்றாள். கொஞ்சம் பருத்திருந்தாள். மற்றப் பெண்களிடம் சிங்களத்தில், இவர் ஜேர்மனியிலிருந்து வந்த நோனா, அதாவது பெரிய வீட்டு அம்மா, என்று என்னை அறிமுகப்படுத்தினாள். பிழையில்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் நான் வேறு ஏதாகவாவது இருப்பேன் என்று எதிர்பார்த்திருந்தேன் போலும்.

தேத்தண்ணீர் வந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போனபிறகு, நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பரலை உன்னுடையது என்றது யோசித்துச் சொன்னது என்றும், கடதாசியில் வேண்டுமென்றே கையெழுத்து வைக்கவில்லை என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றாள். மெழுகுச் சட்டியைக் கிளறிவிட்டு, அவசரமில்லாமல் தொடர்ந்தாள். "சைன் இல்லாத கடதாசின்னு லோயர் அத வாசிக்கவே இல்ல. நீங்க சைன் வச்சிருந்தா உங்களயும் கொண்டு வந்திருப்பாங்க. நான் ரெண்டு நாள் முந்தி வந்திருப்பேன்."

தேத்தண்ணீர்க் கோப்பையைத் தரையில் வைத்தேன்.

"அங்க ரெண்டு நாள் பெரிசு டீச்சர்" என்றாள்.

அவ்வளவுதான். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் அழவில்லை. அழுதால் அவள்தான் என்னைத் தேற்றவேண்டி வரும். அது முறையாக இருக்காது. தூரிகையை மெழுகில் தோய்த்து, சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த துணியில் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். இடது கையைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டுதான் வரைந்தாள். முன்பு அப்படிச் செய்யமாட்டாள். நான் பக்கத்தில் நின்று துணியின் மறு ஓரத்தை இழுத்துப் பிடித்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒரு கோடு முடித்ததும், தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அப்ப வீட்டுக்கு எப்ப போறீங்க?"

"வியாழக்கிழமை" என்றேன்.

"நல்லம். காலையில வெளிக்கிடுற பஸ்ஸெண்டா இடது பக்கமா பாத்து இருங்க. வெயில் மற்றப் பக்கம் அடிக்கும். வவுனியா தாண்டினா ஒரே தூசி, மூக்க மூட துணி ஒண்டு கொண்டு போங்க. பாதை திறந்த பொறகு ரிஸ்வான் மூணு தரம் யாழ்ப்பாணத்துக்கு வேன் கொண்டு போயிட்டான்."

வீடு என்று அவள் சொன்னது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலை. அங்கே எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. வீட்டுக்குக் கூரையும் இல்லை என்று கேள்வி. அந்தப் பயணத்தில் யாழ்ப்பாணம் போகும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. கேட்டவுடன் என் மனதில் வந்தது இங்கே ஜேர்மனியில் மூன்றாம் மாடியில் ஒரு கதவும் அதற்கு வெளியே கிடக்கும் சப்பாத்துகளும். வியாழக்கிழமை டிக்கெட் பிராங்பேர்ட்டுக்கு.

திருத்தியிருக்கலாம். "எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டேன்.

அவள் தூரிகையைச் சட்டி விளிம்பில் வைத்தாள். எங்கே எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறப்பார்கள், எங்கே நடந்து தாண்டவேண்டும், எங்கே தண்ணீர் குடிக்கலாம், எங்கே குடிக்கக்கூடாது என்று தம்பி சொன்னதையெல்லாம் வரிசைப்படி சொல்லத் தொடங்கினாள். இடையில் ஒரு இடத்தின் பெயர் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். பொறுமையாகத் திரும்பச் சொன்னாள். நான் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி, போகப்போகிறவளைப் போலவே தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றேன்.